அகத்தியர் யாருக்குச் சொந்தம்?



பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

அகத்தியரைப் பற்றி இரண்டு வகையான செய்திகள் நம் கைப்பேசிக்கு மாறி மாறி வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்று, "தமிழை உண்டாக்கியவரே அகத்தியர்தான், அவர் வடக்கிலிருந்து வந்த வேத முனிவர், ஆகவே தமிழ் வடக்கிலிருந்து வந்தது" என்கிறது. மற்றது, "அகத்தியர் என்று ஒருவரும் இல்லை, எல்லாம் நம்மை ஏமாற்றக் கட்டிய கதை, தூக்கி எறியுங்கள்" என்கிறது. இரண்டையும் அனுப்புகிறவர்கள் படித்தவர்கள். இரண்டையும் படிக்கும் பிள்ளைகள் நம்மிடம் வந்து, "எது உண்மை?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டிய கடமை பெரியவர்களுக்கு உண்டு.

வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் முதலில் ஒரு காலக்கோடு போடுவோம். எது முந்தியது, எது பிந்தியது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அகத்தியருக்கும் அப்படி ஒரு கோடு போட்டுப் பார்ப்போம்.

முதலில் ரிக் வேதம். பத்து மண்டலங்கள், 1028 பாடல்கள் கொண்டது. அதன் முதல் மண்டலத்தில் 165 முதல் 191 வரை உள்ள பாடல்கள் அகத்தியரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. இந்திரனுக்கும் மருத்துக்களுக்கும் வேள்விப் பங்கு பற்றி ஏற்பட்ட மனத்தாங்கலைத் தீர்த்து வைப்பவராக அவர் அங்கே வருகிறார். 179-ஆம் பாடல் ஆறே செய்யுள் கொண்டது. அதில் அவர் மனைவி லோபாமுத்திரை பேசுகிறார். ஆண்டுக்கணக்காக இரவும் பகலும் உழைத்து ஓய்ந்துவிட்டேன், முதுமை உடலின் அழகைக் குறைக்கிறது, தவத்திலேயே இருந்தால் இல்லறம் எப்போது என்று கணவரிடம் கேட்கிறார். ஒரு பெண் தன் உரிமையை இவ்வளவு நேராகக் கேட்கும் பாடல் அந்தப் பழைய நூலில் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

அந்தப் பாடலின் கடைசிச் செய்யுளில் இன்னொரு செய்தி உண்டு. அகத்தியர் மண் தோண்டும் கருவி கொண்டு அகழ்ந்தார் என்று வருகிறது. பிள்ளைப்பேற்றையும் வலிமையையும் விரும்பி உழைத்தார் என்பது பொருள். அதற்கு அறிஞர்கள் பலவிதமாக விளக்கம் சொல்வார்கள். மண்வெட்டி பிடித்த ஊரில் பிறந்த நமக்கு இந்தச் செய்தி சட்டென்று மனத்தில் ஒட்டிக்கொள்ளும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வரும்.

ஏழாம் மண்டலத்தில் வசிட்டரின் பிறப்பைச் சொல்லும் பாடலில், மித்திரனும் வருணனும் காரணமாக ஒரு குடத்திலிருந்து தோன்றிய கதை இருக்கிறது. அதில் அகத்தியரும் குறிக்கப்படுகிறார். குடமுனி, கும்பமுனி என்று நாம் சொல்லும் பெயர்களுக்கு வேர் அங்கே இருக்கிறது. ஆனால் ரிக் வேதத்தில் பொதிகை இல்லை. காவிரி இல்லை. தமிழும் இல்லை. இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்வோம்.

அடுத்து இதிகாசங்கள். மகாபாரதத்தின் வன பர்வத்தில் அகத்தியர் பெரிய ஆளாகிவிடுகிறார். வளர்ந்துகொண்டே போன விந்திய மலையை, தான் திரும்பி வரும்வரை தாழ்ந்திரு என்று சொல்லித் தெற்கே போய்த் திரும்பாமலே இருந்துவிடுகிறார். கடலைக் குடிக்கிறார். வாதாபியைச் செரித்து விடுகிறார். இல்வலன் தன் தம்பி வாதாபியை ஆடாக்கிச் சமைத்து விருந்தாளிக்குப் போட, சாப்பிட்டு முடித்ததும் "வாதாபி, வெளியே வா" என்று கூப்பிட, வயிற்றைக் கிழித்துக்கொண்டு அவன் வருவான். அகத்தியரிடம் அது நடக்கவில்லை. நம் வீடுகளில் பாட்டிமார் குழந்தைக்குப் பாலூட்டிவிட்டு வயிற்றைத் தடவி "வாதாபி ஜீரணோ பவ" என்று சொன்னது இந்தக் கதையை வைத்துத்தான். நம் திருவாரூரில் 1775-இல் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், ஆரூர்க் கோயிலின் வாதாபி கணபதியைப் பாடிய கீர்த்தனையிலும் குடமுனி வழிபட்ட கணபதி என்று அகத்தியரைச் சேர்த்திருக்கிறார்.

இராமாயணத்தில் இராமன் காட்டில் அகத்தியரின் ஆசிரமத்துக்கு வந்து வில் பெறுகிறான். பஞ்சவடியில் தங்கச் சொல்லி அனுப்புகிறவரும் அவரே. வால்மீகியின் அந்தக் காட்சியில் தமிழ் என்ற பேச்சே கிடையாது. அதே காட்சியைத் தேரழுந்தூர்க் கம்பர் எழுதும்போது அகத்தியரைத் தமிழோடு சேர்த்தே நமக்கு அறிமுகம் செய்கிறார். ஒரே முனிவர், ஒரே காட்சி. ஆனால் இரண்டு கவிஞர்களுக்கும் இடையில் பல நூற்றாண்டுகள். அந்த இடைவெளியில் ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது என்பதுதான் நம் கேள்வி.

இப்போது தமிழ்ப் பக்கம் வருவோம்.

எட்டுத்தொகை, பத்துப்பாட்டு என்னும் சங்க நூல்களில் அகத்தியர் என்ற பெயரே இல்லை. தொல்காப்பியத்தில் இல்லை. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய பாயிரத்திலும் இல்லை. அதில் நிலந்தரு திருவின் பாண்டியன் வருகிறான், அதங்கோட்டாசான் வருகிறார், ஐந்திரம் என்னும் இலக்கணம் வருகிறது. தொல்காப்பியரின் ஆசிரியர் அகத்தியர் என்று ஒரு சொல்லும் இல்லை. உண்மையாகவே குருவாக இருந்திருந்தால், ஒரு மாணவனின் நூலுக்குப் பாயிரம் எழுதுபவர் அதை மறப்பாரா? இந்தக் கேள்வியை அறிஞர்கள் பலர் எழுப்பியிருக்கிறார்கள். கே. என். சிவராஜ பிள்ளை தமிழ்நாட்டில் அகத்தியர் என்பதை ஆராய்ந்து ஆங்கிலத்தில் ஒரு தனி நூலே எழுதினார்.

சங்க நூல்களில் ஒரு இடம் மட்டும் உண்டு. வையையில் வெள்ளம் வருவதைப் பாடும் பரிபாடலின் 11-ஆம் பாட்டில், கோள்கள் எந்தெந்த ராசியில் நின்றன என்று சொல்லும்போது பொதியில் முனிவர் பற்றிய குறிப்பு வருகிறது. அது அகத்தியர் பெயரால் விளங்கும் விண்மீன் என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. ஆக, நம்மிடம் அகத்தியர் முதலில் வந்தது இலக்கண ஆசிரியராக அல்ல. மழைக்காலத்தோடு சேர்ந்த ஒரு விண்மீனாக வந்திருக்கிறார்.

பிறகு மணிமேகலை. அதன் பதிகத்தில், காந்தன் என்னும் சோழ மன்னன் வேண்டிக்கொள்ள, அகத்தியர் தம் கரகத்தைக் கவிழ்த்துக் காவிரியை விடுகிறார். அதே நூலில், அகத்தியர் சொல்ல, தூங்கெயில் எறிந்த தொடித்தோள் செம்பியன் இந்திர விழாவை 28 நாள் நடத்தினான் என்ற செய்தியும் உண்டு. மணிமேகலை பௌத்த நூல் என்பதை மறக்க வேண்டாம். காக்கை வடிவில் விநாயகர் வந்து கமண்டலத்தைக் கவிழ்த்த கதை நமக்கெல்லாம் தெரியும். சீர்காழியில் இந்திரனின் நந்தவனம் வாட, அதற்காக விநாயகர் அப்படிச் செய்தார் என்று கந்தபுராணம் சொல்கிறது. அது பின்னால் வந்த வடிவம். மணிமேகலையில் காக்கை இல்லை. ஒரு அரசன் கேட்கிறான், ஒரு முனிவர் கொடுக்கிறார்.

இறையனார் களவியல் உரையில்தான் முச்சங்கக் கதை முழுதாக வருகிறது. தலைச்சங்கத்தில் அகத்தியனாரும், சிவபெருமானும், முருகவேளும், குபேரனும் இருந்தார்களாம். 549 பேர் இருந்தார்களாம், 4449 பேர் பாடினார்களாம், 4440 ஆண்டு நடந்ததாம். மூன்று சங்கத்து ஆண்டுகளையும் கூட்டினால் 4440 + 3700 + 1850 = 9990. கணக்குப் பாடம் நடத்தியவர்கள் இந்த எண்களைப் பார்த்ததும் புன்னகை செய்வார்கள். மூன்றும் 370-ஆல் மீதியின்றி வகுபடும் எண்கள். 12 மடங்கு, 10 மடங்கு, 5 மடங்கு. உண்மையில் நடந்த ஆண்டுகளை எண்ணி எழுதினால் இவ்வளவு ஒழுங்காக வராது. இது தமிழின் பழமையையும் பெருமையையும் சொல்ல வந்த ஒரு கதையின் கணக்கு. அந்த உரை இப்போதுள்ள வடிவம் பெற்றது பாண்டியர் ஆட்சி ஓங்கியிருந்த 8-ஆம் நூற்றாண்டை ஒட்டி என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

அதே 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் கொடுத்த வேள்விக்குடிச் செப்பேடு, அகத்தியரைத் தங்கள் குலத்தின் புரோகிதராகச் சொல்கிறது. பார்த்தீர்களா? நூலிலும் செப்பேட்டிலும் ஒரே காலத்தில் அகத்தியர் மதுரையின் மதிப்புக்குரியவர் ஆகிறார்.

அடுத்த நூற்றாண்டுகளில் ஆளாளுக்கு அவரைக் கேட்கிறார்கள். புறப்பொருள் வெண்பாமாலையின் பாயிரம், அகத்தியரிடம் பயின்ற பன்னிருவரில் தொல்காப்பியர் முதன்மையானவர் என்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வீரசோழியம் எழுதிய புத்தமித்திரனார் பௌத்தர். அவர் என்ன சொல்கிறார்? அகத்தியர் தமிழைக் கேட்டது அவலோகிதரிடம் என்கிறார். சைவர்களோ சிவபெருமானே கற்பித்தார் என்றார்கள். இன்னொரு மரபில் முருகனிடம் கற்றார். சித்தர்கள் தங்கள் மருத்துவத்தின் முதல் ஆசான் என்றார்கள். இன்றும் மார்கழி ஆயில்யத்தில் சித்த மருத்துவ நாள் கொண்டாடுவது அவர் பெயரால்தான்.

சொத்து மதிப்புள்ளதாக இருந்தால்தானே இத்தனை பேர் பங்குக்கு வருவார்கள்? அந்தச் சொத்து எது என்று யோசித்துப் பாருங்கள். அகத்தியர் அல்ல, தமிழ். தமிழோடு தங்களுக்கு உறவு இருக்கிறது என்று காட்ட ஒவ்வொரு சமயமும் அகத்தியரைச் சாட்சியாக அழைத்து வந்திருக்கிறது. ஒரு மொழிக்கு இதைவிட மரியாதை என்ன வேண்டும்?

இப்போது 14-ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். மதுரை நச்சினார்க்கினியர் தொல்காப்பியப் பாயிர உரையில் ஒரு நீண்ட கதை சொல்கிறார். கயிலையில் தேவர்கள் கூடியதால் மேரு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது. சமன் செய்ய அகத்தியரை அனுப்பினார்கள். அவர் வரும் வழியில் கங்கையிடம் காவிரியை வாங்கினார். யமதக்கினியின் மகனைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். அவரே பிற்காலத்துத் தொல்காப்பியர். துவராபதிக்குச் சென்று கண்ணன் வழிவந்த அரசர் பதினெண்மரையும், வேளிர் பதினெண்குடியினரையும், அருவாளரையும் அழைத்து வந்து, காடு கெடுத்து நாடாக்கிக் குடியேற்றினார். பிறகு பொதியிலில் தங்கினார்.

இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. நம் இராஜகோபால சுவாமி கோயிலை தட்சிண துவாரகை என்கிறோம். கோப்பிரளயர், கோபிலர் என்னும் முனிவர்களுக்குக் கண்ணன் இங்கே காட்சி தந்ததாகத் தலபுராணம். துவாரகையிலிருந்து தெற்கே வந்த உறவு ஒன்றை நச்சினார்க்கினியரும் சொல்கிறார், நம் கோயிலும் சொல்கிறது. புறநானூற்றின் 201-ஆம் பாட்டில் கபிலர், இருங்கோவேளின் முன்னோர் 49 தலைமுறை துவரையை ஆண்டவர்கள் என்கிறார். இவற்றை வைத்துக் குடியேற்றம் உண்மையில் நடந்தது என்று மு. இராகவையங்கார் வேளிர் வரலாற்றில் வாதிட்டார். மறுப்பவர்களும் உண்டு. நான் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கதைக்குள் இருக்கும் செயலை மட்டும் கவனியுங்கள். காடு திருத்தினார், ஆறு கொண்டுவந்தார், குடிகளை அமர்த்தினார். ரிக் வேதத்தில் மண் தோண்டியவர் என்று பார்த்தோமே, நம்மிடம் அவர் வயலும் வாய்க்காலும் உண்டாக்கியவர் ஆகிவிட்டார். நெல் விளையும் நாட்டுக்கு ஒரு முனிவர் வேண்டுமென்றால் இப்படிப்பட்டவர்தானே வேண்டும்!

நச்சினார்க்கினியர் கதை அதோடு முடியவில்லை. லோபாமுத்திரையை அழைத்து வரத் தொல்காப்பியரை அகத்தியர் அனுப்புகிறார். நான்கு கோல் தூரம் விலகி வரவேண்டும் என்பது கட்டளை. வையையைக் கடக்கும்போது வெள்ளம் அம்மையாரை இழுக்கிறது. தொல்காப்பியர் ஒரு மூங்கில் கோலை முறித்து நீட்டிக் கரையேற்றுகிறார். விதியை மீறினாய் என்று அகத்தியர் இருவரையும் சுவர்க்கம் புகாதபடி சபிக்கிறார். நாங்கள் தவறு செய்யவில்லையே, நீரும் சுவர்க்கம் புகாதீர் என்று அவர்களும் திருப்பிச் சபிக்கிறார்கள். அகத்தியர் வெகுண்டார் என்று கதை போகிறது.

குருவைச் சபித்த மாணவன்! கணவரைச் சபித்த மனைவி! உயிரைக் காப்பது பெரிதா, உத்தரவு பெரிதா என்ற கேள்வியை இதைவிட நன்றாக யார் கேட்க முடியும்? அகத்தியரைத் தொழுத அதே மரபு, அவர் தவறும்போது எதிர்த்துப் பேசவும் இடம் வைத்திருக்கிறது. "கும்பிடு அல்லது எறி" என்று இன்று நாம் இரண்டே வழிகளில் நிற்கிறோம். நம் உரையாசிரியருக்கு மூன்றாவது வழி தெரிந்திருந்தது.

கடல் கடந்தும் அகத்தியர் போனார். ஜாவா தீவின் கிழக்குப் பகுதியில் கி.பி. 760-ஆம் ஆண்டைச் சேர்ந்த தினயா கல்வெட்டு, கஜயானன் என்னும் அரசன் பழைய மரச்சிலைக்குப் பதிலாக அகத்தியருக்குக் கருங்கல் சிலை வைத்ததைச் சொல்கிறது. பிரம்பனான் சிவன் கோயிலில் தென்புற அறையில் இருப்பவர் அகத்தியர். தொந்தியும் தாடியும் கையில் கமண்டலமுமாக நிற்கிறார். தெற்குத் திசை அங்கும் அவருக்கே.

தெற்கு என்றதும் அந்த விண்மீனைச் சொல்லி விடுகிறேன். வானில் சிரியஸுக்கு அடுத்து மிகப் பிரகாசமான விண்மீன் கனோபஸ். அதுதான் அகத்திய நட்சத்திரம். டெல்லியில் இருப்பவருக்கு அது தெற்கு அடிவானத்திலிருந்து 9 பாகைக்கு மேல் ஏறாது. நம் மன்னார்குடியில் 26 பாகை வரை ஏறும். வடக்கிலிருந்து தெற்கே நடந்து வருபவனுக்கு அந்த மீன் நாளுக்கு நாள் உயரும், பின்னால் விட்டு வந்த மலை தாழும். விந்தியம் தலைகுனிந்த கதைக்கு இதுவே அடிப்படை என்பவர்கள் உண்டு. மழைக்காலம் முடியும் தறுவாயில் இந்த மீன் விடியலில் உதிக்க, கலங்கிய நீர் தெளியும் என்று பழைய வடமொழி நூல்கள் கூறும். வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். மாசித் தொடக்கத்தில் இரவு 9 மணிக்கு மொட்டை மாடியில் ஏறி நேர் தெற்கே பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள்.

நம் பகுதியில் அகத்தியரைத் தேடுபவர்கள் வேதாரண்யத்தை அடுத்த அகத்தியான்பள்ளிக்குப் போகலாம். சம்பந்தர் பாடிய தலம். சிவபார்வதி திருமணக் கோலத்தை அகத்தியர் கண்ட இடம் என்பது ஐதீகம். 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியில் புறப்பட்ட ராஜாஜியும் தொண்டர்களும் ஏப்ரல் 30-இல் உப்பு அள்ளிச் சட்டத்தை மீறியது இதே அகத்தியான்பள்ளியில்தான். நினைவுத் தூண் நிற்கிறது. கடலைக் குடித்த முனிவரின் பெயர் தாங்கிய ஊரில் கடலின் உப்புக்காக ஒரு போராட்டம்! 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டியிலிருந்து அங்கே அகல ரயில் பாதையும் திறக்கப்பட்டது. 37 கிலோமீட்டர்தான்.

கடைசியாகக் காவிரி. குடகில் தலைக்காவிரியில் சொல்லும் கதையில் லோபாமுத்திரைதான் காவிரி. அகத்தியர் அவரைக் கமண்டலத்தில் அடக்கி வைக்க, உலகுக்குப் பயன்பட வேண்டும் என்று அவர் வெளியேறி ஆறாகப் பாய்ந்தாராம். அங்கே மனைவி தானே கிளம்புகிறார். மணிமேகலையில் சோழன் வேண்டுகிறான். கந்தபுராணத்தில் காக்கை கவிழ்க்கிறது. மூன்று கதைகளிலும் பொதுவாக உள்ளது ஒன்றே: குடத்தில் அடைத்து வைக்க உரியதல்ல தண்ணீர். நடுவர் மன்றம், உச்ச நீதிமன்றம், 2018 தீர்ப்பின் 177.25 டிஎம்சி என்று எவ்வளவோ பார்த்துவிட்டோம். மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் வந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து, பாமணி ஆற்றில் தண்ணீர் நம் ஊரைத் தொடும் வரை இங்கே குறுவைக்கு நிம்மதி இல்லை. மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் ஒரே முனிவரைக் கும்பிடுகிறோம் என்பதையாவது இரு பக்கத்தாரும் நினைக்கலாம்.

ஆகவே பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்.

தமிழை ஒருவர் உண்டாக்கவில்லை. எந்த மொழியையும் ஒருவர் உண்டாக்க முடியாது. உழுதவர், நெய்தவர், மீன் பிடித்தவர், தாலாட்டுப் பாடியவர் எல்லோரும் சேர்ந்து பேசிப் பேசி வளர்த்தது.

அகத்தியர் வேதத்தில் தொடங்கிய பெயர் என்பது உண்மை. அதை மறைக்க வேண்டாம். அந்தப் பெயருக்குப் பொதிகையையும் காவிரியையும் இலக்கணத்தையும் மருத்துவத்தையும் கொடுத்தது தமிழ்நாடு என்பதும் உண்மை. அதையும் மறைக்க வேண்டாம். வந்தவர் நம்மை மாற்றினார் என்று மட்டும் சொல்வது பாதிக் கதை. நாம் அவரை மாற்றியது மீதிக் கதை.

கதை வேறு, வரலாறு வேறு. கதையை வரலாறு என்று சாதிப்பதும் தவறு, கதைதானே என்று குப்பையில் போடுவதும் தவறு. கதை எப்போது பிறந்தது, யார் சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்று கேட்டால் அதுவே வரலாற்றுப் பாடம்.

உங்கள் ஊரில் அகத்தீசுவரர் கோயிலோ, அகத்தியர் பெயரில் ஒரு குளமோ, வாய்க்காலோ இருந்தால் கீழே எழுதுங்கள். ஊர்ப்பெயரோடு எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து ஒரு நாள் தனிப் பதிவாகப் போடலாம்.